தற்செயலா, திட்டமா? - மாமன் மகளிடம் டார்வின் மறைக்காத சந்தேகம்!

நீண்ட வெள்ளைத் தாடி, வழுக்கைத் தலை, கொஞ்சம் சோகமான கண்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் சார்லஸ் டார்வினை இப்படித்தான் பார்த்திருப்போம். குரங்கிலிருந்து மனிதன் வந்தான்னு சொன்னவர், கடவுள் இல்லைன்னு சொன்னவர், உயிர்கள் எல்லாமே தற்செயல்னு சொன்னவர்... அவரைப் பற்றி ஊர் உலகத்துக்குத் தெரிந்த தகவல்கள் இவ்வளவுதான். கொண்டாடுகிறவர்களும் இதைச் சொல்லித்தான் கொண்டாடுகிறார்கள். திட்டுகிறவர்களும் இதையே சொல்லித்தான் திட்டுகிறார்கள்.

வேடிக்கை என்னன்னா, இந்த மூன்றையுமே அவர் அப்படிச் சொல்லவில்லை. மனிதன் வந்தது இன்றைக்கு மரத்தில் தாவும் குரங்கிடமிருந்து அல்ல, நமக்கும் அதற்கும் பொதுவான ஒரு மூதாதையிடமிருந்து என்றார். கடவுள் விஷயத்தில், தெரியவில்லை என்றார். தற்செயல் விஷயத்தில் என்ன சொன்னார் என்பதற்கு அவருடைய வாழ்க்கையையே கொஞ்சம் திருப்பிப் பார்க்கணும். ஏன்னா, அது அவருக்குப் புத்தக அலமாரியோடு முடிந்துபோன கேள்வி இல்லை. வீட்டுக்குள்ளேயே இருந்த கேள்வி. கல்யாணத்துக்கு முன்னாடியே மனைவியைக் கலங்க வைத்த கேள்வி.

டாக்டர் இல்லையா... அப்போ பாதிரியார்!

1809 பிப்ரவரி 12. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரத்தில் பிறந்தார் டார்வின். அப்பா ராபர்ட் டார்வின், கைராசியும் காசும் உள்ள டாக்டர். அம்மா சூசன்னா, பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர்போன வெட்ஜ்வுட் குடும்பத்துப் பெண். டார்வினுக்கு 8 வயதானபோது அம்மா இறந்துபோனார். அக்காக்கள்தான் வளர்த்தார்கள்.

பையனுக்குப் படிப்பில் பெரிதாக ஆர்வம் இல்லை. வேட்டை, நாய், பூச்சி பிடிக்கிறது. இதுதான் உலகம். இப்படியே போனால் குடும்ப மானத்தையே வாங்கிவிடுவாய் என்று அப்பா திட்டித் தீர்த்தார். பிறகு டாக்டராக்கலாம் என்று எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பார்த்து, பாதியிலேயே ஓடிவந்துவிட்டார் டார்வின். அதன்பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

டாக்டர் வேண்டாமா, சரி, பாதிரியார் ஆகிவிடு என்று அடுத்த பிளான் போட்டார் அப்பா. 1828-ல் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். ஆமாம், பிற்காலத்தில் எத்தனையோ பாதிரியார்களின் தூக்கத்தைக் கெடுத்த மனிதர், பாதிரியார் ஆகத்தான் படித்தார். படிக்கும்போதும் வண்டுப் பைத்தியம் போகவில்லை. ஒருநாள் இரண்டு கையிலும் ஆளுக்கொரு அபூர்வ வண்டு. மூன்றாவதாக இன்னொன்று கண்ணில் பட, கையிலிருந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அது நாக்கில் எரிகிற திரவத்தைப் பீய்ச்ச, துப்பிய துப்பில் அதுவும் போச்சு, மூன்றாவதும் போச்சு!

இந்தக் காலத்தில் அவர் விரும்பிப் படித்த எழுத்தாளர் வில்லியம் பேலி. பாதிரியார். 1802-ல் வெளிவந்த அவருடைய 'இயற்கை இறையியல்' என்ற புத்தகம் அன்றைக்கு ரொம்பப் பிரபலம். அதன் வாதம் சிம்பிள். நடக்கிற பாதையில் ஒரு கல் கிடந்தால், அது எப்போதும் அங்கேயே கிடக்கிறது என்று விட்டுவிடலாம். ஒரு கடிகாரம் கிடந்தால் அப்படி விட முடியுமா? பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் ஒன்றோடொன்று பொருந்தி ஓடுகிற பொருளை யாரோ ஒருவர் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டும். கடிகாரத்துக்கே செய்தவர் வேண்டுமென்றால், அதைவிட நுட்பமான கண்ணுக்கு? சிறகுக்கு?

இளம் டார்வினுக்கு இந்த வாதம் அப்படியே பிடித்துப்போனது. ஓட்டை எதுவும் தெரியவில்லை. உயிர்கள் திட்டமிட்டுப் படைக்கப்பட்டவை என்ற நம்பிக்கையோடுதான் அவர் கப்பல் ஏறினார்.

5 வருஷ டூர்

1831-ல், 22 வயதில் அந்த வாய்ப்பு வந்தது. பீகிள் என்ற கப்பல் தென் அமெரிக்கக் கடற்கரையை அளக்கப் போகிறது. கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்க்குப் பேச்சுத்துணையாக, இயற்கையைப் பற்றி ஆர்வமுள்ள ஒரு ஆள் வேண்டும். அப்பா வழக்கம்போல முடியாது என்றார். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்தான் மருமகனுக்காகப் பேசிச் சம்மதிக்க வைத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 27-ம் தேதி கப்பல் கிளம்பியது. திரும்பி வந்தது 1836 அக்டோபர் 2-ம் தேதி.

கிட்டத்தட்ட 5 வருஷம். கடல் நோவில் வாந்தி எடுத்துக்கொண்டே உலகம் சுற்றினார். அர்ஜென்டினாவில், அழிந்துபோன பிரமாண்ட விலங்குகளின் எலும்புகளைத் தோண்டினார். அதே கண்டத்தில் உயிரோடு திரியும் சின்ன விலங்குகளின் சாயல் அவற்றில் இருந்தது. சிலியில் நிலநடுக்கத்தைப் பார்த்தார். ஆண்டீஸ் மலையின் உயரத்தில் கடல் சிப்பிகள் புதைந்திருப்பதைப் பார்த்தார். 1835-ல் கலாபகஸ் தீவுகளுக்குப் போனார். ஒவ்வொரு தீவிலும் ஆமையின் ஓடு ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஓட்டைப் பார்த்தே எந்தத் தீவு என்று சொல்லிவிடலாம் என்று அங்கிருந்த அதிகாரி ஒருவர் சொன்னார்.

கலாபகஸில் குருவியின் அலகைப் பார்த்ததும் அவர் மண்டையில் பல்பு எரிந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. எந்தக் குருவியை எந்தத் தீவில் பிடித்தோம் என்றுகூட அவர் சரியாகக் குறித்து வைக்கவில்லை. லண்டன் திரும்பிய பிறகு, 1837-ல் பறவை நிபுணர் ஜான் கூல்ட் அந்தப் பறவைகளைச் சோதித்து, இவை வேறு வேறு இனங்கள் என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் டார்வினுக்குள் சந்தேகம் பிடித்துக்கொண்டது. பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். ஒரே வெயில், ஒரே எரிமலை மண். ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனியாகக் குருவியும் ஆமையும் படைக்க வேண்டிய அவசியம் என்ன? எங்கிருந்தோ வந்த ஒரே இனம், தீவுக்குத் தீவு மாறிப்போயிருந்தால்?

அந்த ஆண்டே ஒரு ரகசிய நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அதில் ஒரு மரம் வரைந்தார். ஒரே வேரிலிருந்து கிளை பிரிந்து போகிற உயிர்களின் மரம்.

கல்யாணம்... ஓகேவா, வேண்டாமா?

1838 ஜூலையில் டார்வின் ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் பிரித்தார். ஒரு பக்கம் கல்யாணம் செய்தால், இன்னொரு பக்கம் செய்யாவிட்டால். செய்தால் நேரம் வீணாகும், புத்தகம் வாங்கக் காசு இருக்காது, சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அலையணும். செய்தால் துணை இருக்கும், குழந்தைகள் இருப்பார்கள், வயதான காலத்தில் பேச ஆள் இருக்கும். எப்படியும் நாய் வளர்ப்பதைவிட மேல் என்றும் ஒரு குறிப்பு! கடைசியில் கல்யாணப் பக்கம் ஜெயித்தது. ஜெயித்ததை மூன்று தடவை எழுதி முடித்தார்.

பெண் யார்? வெளியில் தேடவே இல்லை. கப்பலுக்கு அனுப்பி வைத்தாரே, அதே ஜோசையா மாமாவின் கடைசி மகள் எம்மா. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், பக்கா முறைப்பெண். டார்வினைவிட 9 மாதம் மூத்தவர். பியானோவில் கெட்டிக்காரர், கலகலப்பானவர், கடவுள் நம்பிக்கை ஆழமாக உள்ளவர்.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. எம்மாவின் இணைபிரியாத அக்கா ஃபேனி, 1832-ல் நோயில் இறந்துபோனார். சொர்க்கத்தில் அக்காவை மறுபடி பார்ப்போம் என்ற எண்ணம்தான் எம்மாவுக்கு ஆறுதல்.

டார்வினுக்கோ அந்த நேரத்தில் நம்பிக்கை ஆட்டம் காண ஆரம்பித்திருந்தது. அப்பாவிடம் யோசனை கேட்டார். உன் சந்தேகங்களைக் கட்டிக்கப்போகிற பெண்ணிடம் சொல்லாதே என்றார் அனுபவசாலி அப்பா. கணவனுக்கு மோட்சம் கிடைக்காதோ என்று நினைத்தே நிம்மதி இழந்த மனைவிகளை அவர் பார்த்திருக்கிறார்.

டார்வினால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் எம்மாவிடம் சொல்லிவிட்டார். எம்மா வருத்தப்பட்டார். ஆனால், கல்யாணத்தை நிறுத்தவில்லை. நேர்மையான சந்தேகம் பாவமாகாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். 1839 ஜனவரி 29-ம் தேதி, மேயர் என்ற கிராமத்தின் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது.

சில வாரங்களிலேயே எம்மா கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்காதீர்கள். சில விஷயங்களை நேரில் பேச வராது, எழுதத்தான் வரும். நிரூபிக்காமல் எதையும் நம்பாத விஞ்ஞானப் பழக்கம், நிரூபிக்கவே முடியாத விஷயங்களிலும் உங்களைத் தப்பான பக்கம் இழுத்துவிடுமோ என்று அதில் கேட்டிருந்தார். இறந்த பிறகு நாம் இருவரும் ஒருவருக்கொருவர் இல்லாமல் போய்விடுவோமோ என்ற பயம்தான் கடிதம் முழுக்க.

டார்வின் அந்தக் கடிதத்தைச் சாகும்வரை பத்திரமாக வைத்திருந்தார். எத்தனையோ முறை இதை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று, தான் போன பிறகு எம்மா படிப்பதற்காக அதிலேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்.

10 பகடையும் ஒரு கண்ணும்

கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்பு, டார்வின் மால்தஸ் என்ற பொருளாதார அறிஞரின் மக்கள்தொகை பற்றிய புத்தகத்தைப் படித்திருந்தார். உணவு கிடைக்கிற அளவைவிடப் பிறக்கிற உயிர்கள் எப்போதும் அதிகம். அப்படியானால் போட்டி நடக்கும். எது பிழைக்கும்? இங்கேதான் அவருக்கு விடை கிடைத்தது. அதற்கு அவர் வைத்த பெயர், இயற்கைத் தேர்வு.

இதைப் புரிந்துகொள்ள லூடோ பகடையை எடுத்துக்கொள்ளலாம். 10 பகடைகளை ஒரே நேரத்தில் உருட்டுகிறீர்கள். பத்திலும் 6 விழணும். வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? 6 கோடியே 4 லட்சம் தடவை உருட்டினால் சராசரியாக ஒரு தடவை. வாழ்நாள் போதாது. இப்போது விதியைக் கொஞ்சம் மாற்றுங்கள். 6 விழுந்த பகடையை அப்படியே வைத்துவிட்டு, மற்றதை மட்டும் திரும்ப உருட்டுங்கள். பெரும்பாலும் 20 தடவைக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

உருட்டுவது தற்செயல். வைத்துக்கொள்வது தற்செயல் இல்லை. அவ்ளோதான் விஷயம். ஒரே தாயின் குட்டிகளில் ஒன்றின் ரோமம் கொஞ்சம் அடர்த்தி, இன்னொன்றின் கால் கொஞ்சம் நீளம். இந்த வித்தியாசங்கள் யாருடைய தேவையையும் பார்த்து வருவதில்லை. ஆனால், குளிர்ப் பிரதேசத்தில் அடர்ந்த ரோமம் உள்ளது பிழைத்துக் குட்டி போடும். அடுத்த தலைமுறையில் அந்த ரோமம் கூடும். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. பகடை ஆட்டத்தில் 6 வேணும்னு முன்கூட்டியே முடிவு செய்தது நாம். இயற்கையில் அப்படி இலக்கு எதுவும் கிடையாது. அந்த நேரத்தில், அந்த இடத்தில் எது உதவுகிறதோ அது தங்கும்.

பேலியின் கடிகாரத்துக்கு இதுதான் பதில். கண் ஒரே நாளில் உருவாகத் தேவையில்லை. வெளிச்சத்தை உணரும் ஒரு புள்ளி, பிறகு ஒரு சின்னக் குழி, பிறகு ஊசித்துளை, பிறகு லென்ஸ். தட்டைப்புழுவில் தொடங்கி ஆக்டோபஸ் வரை இந்தப் படிகள் ஒவ்வொன்றையும் இன்றைக்கும் உயிருள்ள விலங்குகளிடம் பார்க்க முடியும். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சம் உபயோகம். அது போதும்.

1844-ல் இதையெல்லாம் 200 பக்கங்களுக்கு மேல் எழுதி முடித்தார் டார்வின். வெளியிடவில்லை. தான் திடீரென்று இறந்துபோனால் இதை அச்சடிக்க 400 பவுண்டு ஒதுக்கச் சொல்லி, கடிதம் எழுதி ஒப்படைத்தார். யாரிடம்? எம்மாவிடம்! தன் நம்பிக்கையை அசைக்கப்போகிற புத்தகத்துக்கு அந்த அம்மாவே காவல். எம்மா அதைப் படிக்கவும் செய்தார். கண் படிப்படியாக உருவாகியிருக்கலாம் என்ற இடத்துக்குப் பக்கத்தில், இது ரொம்பப் பெரிய அனுமானம் என்று குறிப்பு எழுதித் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார். கோபம் இல்லை, சண்டை இல்லை. இந்த இடம் எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். 15 வருஷம் கழித்துப் புத்தகம் வந்தபோது, கண்ணைப் பற்றி அதில் தனிப் பகுதியே இருந்தது.

ஆனி

1842-லிருந்து அவர்கள் லண்டனுக்குத் தெற்கே, கென்ட் மாவட்டத்தின் டவுன் கிராமத்தில் வாழ்ந்தார்கள். மொத்தம் 10 குழந்தைகள். அதில் மூத்த மகள் ஆனி, அப்பாவின் செல்லம். அப்பாவுக்காக ஒரு சிட்டிகை மூக்குப்பொடியைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு, அவர் சந்தோஷப்படுவதைப் பார்க்கிற ஆசையில் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடிவருகிற குழந்தை.

1851-ல் ஆனிக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மால்வர்ன் என்ற ஊரில் நீர்ச்சிகிச்சை செய்யும் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, வீட்டை விட்டு நகர முடியாத நிலை. டார்வின் மகளின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், வாந்தி எடுத்தாள், சிரித்தாள் என்று ஒவ்வொன்றையும் மனைவிக்குக் கடிதமாக எழுதினார். ஏப்ரல் 23-ம் தேதி ஆனி இறந்துபோனாள். வயது 10.

ஒரு வாரம் கழித்து, மகளின் முகம், குரல், சிரிப்பு எதுவும் மறந்துவிடக் கூடாது என்று ஒரு நினைவுக் குறிப்பு எழுதினார். எம்மா, ஆனியின் எழுதும் பெட்டியை அவளுடைய சின்னச் சின்னப் பொருள்களோடு கடைசி வரை வைத்திருந்தார்.

இந்த மரணம்தான் டார்வினின் நம்பிக்கையைக் கொன்றது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவரே அப்படிச் சொன்னதில்லை. தன் நம்பிக்கை மெள்ள மெள்ளத்தான் கரைந்தது என்றே பின்னாளில் எழுதினார். ஆனால், அந்த வீட்டில் அதன்பிறகு இரண்டு ஆறுதல்கள் இருந்திருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். மகளைத் திரும்பப் பார்ப்போம் என்பது அம்மாவின் ஆறுதல். கடவுள் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது அப்பாவின் ஆறுதல்.

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. நாம் மாமன் மகளைக் கட்டியதால்தான் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறதோ? சொந்தத்தில் செய்யும் திருமணங்களைப் பற்றி மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று 1870-ல் முயற்சி எடுத்தார். நாடாளுமன்றம் ஏற்கவில்லை.

குளவியும் பூனையும்

1858 ஜூனில், ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற இளம் ஆய்வாளரிடமிருந்து தபால் வந்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் சுற்றிக்கொண்டிருந்த அவர், இயற்கைத் தேர்வைத் தானாகவே கண்டுபிடித்து எழுதியிருந்தார். டார்வின் ஆடிப்போனார். நண்பர்கள் பேசி, இருவர் எழுதியதையும் ஜூலை 1-ம் தேதி லண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாக வாசிக்க ஏற்பாடு செய்தார்கள். டார்வின் போகவில்லை. மூன்று நாள்களுக்கு முன்புதான் அவருடைய கடைசிக் குழந்தை, ஒன்றரை வயது சார்லஸ் வாரிங், காய்ச்சலில் இறந்திருந்தான்.

1859 நவம்பர் 24-ம் தேதி 'உயிரினங்களின் தோற்றம்' வெளியானது. முதல் பதிப்பின் 1,250 பிரதிகளுக்கும் மேலாக, வெளியாவதற்கு முன்பே ஆர்டர் வந்துவிட்டது. பிறகு நடந்த வாக்குவாதங்களை உலகம் அறியும். அதிகம் பேசப்படாதது, ஒரு நண்பரோடு அவர் கடிதத்தில் நடத்திய உரையாடல்.

அந்த நண்பர் ஏசா கிரே. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர். கடவுள் பக்தர். அதேநேரம் அமெரிக்காவில் டார்வினுக்காக மல்லுக்கட்டிய முதல் ஆள். இயற்கைத் தேர்வு சரிதான், ஆனால் அந்த வித்தியாசங்களை நல்ல திசையில் அனுப்பி வைப்பவர் கடவுள் என்பது கிரேயின் கட்சி.

டார்வின் 1860-ல் அவருக்குத் தன் மனதைத் திறந்து எழுதினார். ஒருவகைக் குளவி, உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. குஞ்சுகள் அந்தப் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்கின்றன. பூனை எலியை உடனே கொல்லாமல் விளையாடுகிறது. கருணையுள்ள ஒருவர் இதையெல்லாம் திட்டமிட்டுப் படைத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அவரை நாத்திகர் பட்டியலில் சேர்த்துவிடலாம். ஆனால் அதே கடிதத்தில், இந்த அற்புதமான பிரபஞ்சமும் மனித மனமும் வெறும் குருட்டு விசையால் வந்தவை என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை என்கிறார். விதிகள் திட்டமிடப்பட்டவையாகவும், விவரங்கள் தற்செயலுக்கு விடப்பட்டவையாகவும் இருக்கலாமோ என்று யோசிக்கிறார். அதிலும் திருப்தி இல்லை. நியூட்டனின் மூளையைப் பற்றி ஒரு நாய் யோசிப்பது எப்படியோ, மனிதன் இந்தக் கேள்வியை யோசிப்பதும் அப்படித்தான் என்று முடிக்கிறார்.

1868-ல் வந்த இன்னொரு புத்தகத்தில், இதையே ஒரு வீட்டை வைத்து விளக்கினார். மலையடியில் உடைந்து விழுந்த கற்களைப் பொறுக்கி ஒருவர் வீடு கட்டுகிறார். ஒவ்வொரு கல்லும் அந்த வடிவத்தில் உடைந்ததற்குக் காரணம் உண்டு. ஆனால், இந்த வீட்டுக்காக அது அப்படி உடையவில்லை. உயிர்களில் வரும் வித்தியாசங்களும் அப்படித்தான். தற்செயல் என்றால் காரணமே இல்லாதது என்று அர்த்தம் இல்லை. தேவையைப் பார்த்து வராதது என்றுதான் அர்த்தம். கிரேயின் கருத்தை இப்படி மறுத்தவர், அதே கிரேயின் கட்டுரைகளைச் சின்னப் புத்தகமாக இங்கிலாந்தில் அச்சடிக்கச் செலவும் செய்தார். இன்றைக்கு ஒரு கமென்ட்டில் கருத்து ஒத்துப்போகலைன்னா பிளாக் பண்ணிடுறோம். அவர்கள் நட்பு கடைசி வரை நீடித்தது.

தேவையைப் பார்க்காமல் வரும் வித்தியாசங்களை வைத்து என்ன கணிக்க முடியும் என்று கேட்கலாம். 1862-ல் டார்வின் கணித்தார். மடகாஸ்கரின் ஒரு வெள்ளை ஆர்க்கிட் பூவில் தேன் இருக்கும் குழல் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் நீளம். அப்படியானால், அவ்வளவு நீள நாக்குள்ள ஒரு அந்துப்பூச்சி அங்கே இருந்தே ஆகணும் என்றார். சிலர் சிரித்தார்கள். 1903-ல் அந்தப் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது டார்வின் இறந்து 21 வருஷம் ஆகியிருந்தது.

முதல் உயிர்?

சரி, இருக்கிற உயிர் எப்படி மாறியது என்று சொல்லிவிட்டார். முதல் உயிர் எப்படி வந்தது? புத்தகத்தில் டார்வின் இதற்குப் பதில் சொல்லவில்லை. இரண்டாம் பதிப்பில் படைத்தவர் என்ற சொல்லைக் கடைசி வாக்கியத்தில் சேர்த்தார். ஊருக்குப் பயந்து அப்படி எழுதிவிட்டோமே என்று பிறகு நண்பர் ஹூக்கரிடம் வருத்தப்பட்டார்.

அதே ஹூக்கருக்கு 1871-ல் எழுதிய கடிதத்தில், போகிற போக்கில் ஒரு கற்பனை. வெதுவெதுப்பான ஒரு சின்னக் குட்டை. அதில் அம்மோனியா, பாஸ்பரஸ் உப்புகள், வெளிச்சம், வெப்பம், மின்சாரம். அங்கே ஒரு புரதப் பொருள் தானாக உருவாகி, மேலும் சிக்கலாக மாறத் தயாராக இருந்திருந்தால்? இன்றைக்கு அப்படி ஒன்று உருவானால் இருக்கிற உயிர்களே அதைத் தின்றுவிடும். உயிர்களே இல்லாத காலத்தில் அந்த ஆபத்து இருந்திருக்காது.

1952-ல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற மாணவர், ஆதிகால பூமியில் இருந்ததாக அன்றைக்குக் கருதப்பட்ட வாயுக்களைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாள்களில் புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் அதில் இருந்தன. செங்கல் கிடைத்துவிட்டது. ஆனால், செங்கல் எப்படி வீடானது என்பது இன்றைக்கும் முழுசாக யாருக்கும் தெரியாது. அது தற்செயலா, வேதியியல் விதிகளின்படி நடந்தே தீர வேண்டியதா, அந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறதா... விஞ்ஞானிகளும் தத்துவவாதிகளும் இன்னமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2,795 - 2,490

டவுன் கிராமத்தில் டார்வினின் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின. எம்மாவும் பிள்ளைகளும் தேவாலயத்துக்குள் போவார்கள். அவர் வெளியே தனியாக நடந்துகொண்டிருப்பார். ஆனால், ஊர்ப் பாதிரியார் ஜான் இன்னிஸ் அவருக்கு நல்ல நண்பர். ஏழைகளுக்கான கிராம உதவிச் சங்கத்தின் கணக்குவழக்கை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டதும் டார்வின்தான்.

ராத்திரியானால் எம்மாவும் அவரும் பேக்கேமன் ஆடுவார்கள். பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம். தினமும் இரண்டு ஆட்டம். விஞ்ஞானி சும்மா இருப்பாரா? ஸ்கோர் எழுதி வைத்தார். 1876-ல் கிரேக்கு எழுதிய கடிதத்தில் பெருமையாகச் சொல்கிறார். எம்மா ஜெயித்தது 2,490. அவர் ஜெயித்தது 2,795. விழுகிற எண் யார் கையிலும் இல்லை. எந்தக் காயை நகர்த்துவது என்பது மட்டும் அவரவர் கையில்.

கடவுளைப் பற்றி யாராவது கடிதத்தில் கேட்டால், கடவுளை மறுக்கிற நாத்திகன் நான் அல்ல என்பார். எனக்குத் தெரியவில்லை என்று சொல்பவர்களுக்காக நண்பர் ஹக்ஸ்லி புதிதாக உருவாக்கிய பெயர்தான் தனக்குப் பெரும்பாலும் பொருந்தும் என்று 1879-ல் எழுதினார். தமிழில் அதை அறியொணாவாதி என்கிறார்கள். கொஞ்சம் கஷ்டமான சொல். தெரியலைங்க என்று சொல்லும் துணிச்சல் உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம்.

1882 ஏப்ரல் 19-ம் தேதி, 73 வயதில், இதயநோயில் இறந்தார். எம்மா பக்கத்தில் இருந்தார். சாகப் பயம் இல்லை என்று சொன்னார். எம்மா எவ்வளவு நல்ல மனைவியாக இருந்தார் என்பதையும் சொன்னார். மரணப் படுக்கையில் டார்வின் மனம் மாறி, தன் கொள்கையைக் கைவிட்டார் என்று 1915-ல் ஒரு கதை கிளம்பியது. வாட்ஸ்அப் இல்லாமலேயே உலகம் சுற்றிய ஃபார்வேர்டு அது. கடைசிவரை கூடவே இருந்த மகள் ஹென்ரிட்டா, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தார்.

பிள்ளைகள் தந்தையின் சுயசரிதையை வெளியிடத் தயாரானபோது, மதத்தைப் பற்றிய சில கடுமையான வரிகளை எடுத்துவிடச் சொன்னார் எம்மா. நம்பாதவர்கள் எல்லாரும் நரகத்துக்குப் போவார்கள் என்ற போதனையை டார்வின் அதில் கடுமையாகச் சாடியிருந்தார். 1887-ல் அந்த வரிகள் இல்லாமல்தான் புத்தகம் வந்தது. 1958-ல் பேத்தி நோரா பார்லோ அவற்றைத் திரும்பச் சேர்த்தார்.

டவுன் கிராமத்தில், தனக்குப் பிடித்த மண்ணில் புதைக்கப்படுவோம் என்றுதான் டார்வின் நினைத்திருந்தார். விஞ்ஞானிகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் விடவில்லை. ஏப்ரல் 26-ம் தேதி, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், நியூட்டனின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். எம்மா அதற்குப் போகவில்லை.

எம்மா 1896 அக்டோபர் 2-ம் தேதி இறந்தார். பீகிள் கப்பல் அவருடைய அத்தை மகனைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்து, அன்றோடு சரியாக 60 வருஷம். டவுன் கிராமத்து தேவாலயத்தில் அவருக்குக் கல்லறை. கணவர் லண்டனில், மனைவி கிராமத்தில். என்றென்றைக்கும் பிரிந்துவிடுவோமோ என்று புதுப்பெண்ணாக அவர் பயந்தது, கல்லறை விஷயத்திலாவது பலித்துவிட்டது. மறுவுலக விஷயத்தில் யார் சொன்னது சரி என்று வந்து சொல்ல இருவருமே இல்லை.

ஆனால், அவர்கள் சேர்ந்து வாழ்ந்த 43 வருஷம் கண்முன்னே இருக்கிறது. அவ்வளவு பெரிய கேள்வியில் ஒத்துப்போகாத இரண்டு பேர். ஒருவர் மற்றவரை மாற்றிவிடவில்லை, ஏமாற்றவும் இல்லை. அவர் எழுதியதை இவர் படித்தார், இவர் எழுதியதை அவர் முத்தமிட்டு வைத்துக்கொண்டார். ராத்திரியானால் பகடையை உருட்டினார்கள்.